படத்தை மாட்டுகிற கை: ஓக்வி என்வெசோரும் கண்காட்சி அரசியலும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பற்றியோ போராட்ட வரலாறு பற்றியோ பேசுவதுதான் நம் மன்றத்தின் வழக்கம். இந்த ஆண்டு ஓவியக் கண்காட்சிகள் அமைத்த ஒரு நைஜீரியரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். தயக்கம் நியாயமானதுதான். ஆனால், யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த ஐயாவின் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். துண்டறிக்கைகள், கூட்ட அழைப்பிதழ்கள், பத்திரிகை நறுக்குகள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், பின்புறத்தில் பெயர் எழுதப்படாத புகைப்படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். கொல்லப்பட்டவர்களின் படங்களும் அதில் இருக்கின்றன. அவற்றைச் சுவரில் மாட்டலாமா? மாட்டினால் பக்கத்தில் எதை மாட்டுவது? கீழே என்ன எழுதுவது? அதைப் பார்க்க யார் வருவார்கள்? இந்தக் கேள்விகளையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்தவர் ஓக்வி என்வெசோர். அவர் என்ன செய்தார், எங்கே சறுக்கினார் என்று தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும் என்று நினைத்தேன்.

அவர் செய்த தொழிலுக்கு ஆங்கிலத்தில் கியூரேட்டர் என்று பெயர். நம் அரசு அருங்காட்சியகங்களில் இதைக் காப்பாட்சியர் என்கிறார்கள். பொருள்களைக் காத்து ஆட்சி செய்பவர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் நாணயங்களையும் செப்பேடுகளையும் மட்டும் காக்கவில்லை. அளவுகோலோடு நம் தாத்தா பாட்டிகளின் மண்டையையும் மூக்கையும் அளந்து, படம் பிடித்து, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். சமூகவியல் முதுகலை வகுப்பில் அந்தத் தொகுதிகள் எங்களுக்கு மேற்கோள் நூல். படத்தில் நிற்பவருக்குப் பெயர் இருக்காது, சாதிப் பெயர்தான் இருக்கும். ஆகவே காப்பாட்சியர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் உதறல் உண்டு. சமகாலக் கலையில் கியூரேட்டர் என்பவர் வேறு மாதிரி. அவர் எதையும் காத்துவைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கருத்தை முன்வைக்கிறார், அதற்கேற்பக் கலைஞர்களைத் தேர்கிறார், படைப்புகளைக் கடன் வாங்குகிறார், எதன் பக்கத்தில் எது நிற்க வேண்டும் என்று முடிவுசெய்கிறார், சுவர்க்குறிப்பும் நூலும் எழுதுகிறார். கட்டுரையாளர் சொற்களால் வாதிடுவதை இவர் பொருள்களை வைத்தும் இடைவெளிகளை வைத்தும் வாதிடுகிறார். அதிகாரம் மட்டும் மாறவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பதை அந்தக் கைதான் தீர்மானிக்கிறது.

என்வெசோர் 1963இல் நைஜீரியாவின் கலபாரில் இக்போ குடும்பத்தில் பிறந்தார். அவருடைய குழந்தைப் பருவத்தில்தான் பயாஃப்ரா போர் நடந்தது. 1982இல் நியூயார்க் சென்று, பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் ஒரு சாதாரண அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தார். கலை வரலாற்றில் பட்டம் பெற்றவரல்லர். கவிதை எழுதி, கவிஞர்கள் கூடும் விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தவர். அருங்காட்சியகங்களுக்கும் காட்சிக்கூடங்களுக்கும் போய்ப்போய்ப் பார்த்ததில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆப்பிரிக்கா என்றால் முகமூடியும் மரச்சிற்பமும் மட்டுமே அங்கே இருந்தன; செய்தவரின் பெயர் இருக்காது, இனக்குழுவின் பெயர் இருக்கும். உயிரோடு இருக்கும் ஆப்பிரிக்கக் கலைஞர் ஒருவரும் அந்த உலகத்தின் கணக்கில் இல்லை. சண்டை போட இடம் வேண்டுமென்றால் முதலில் பத்திரிகை வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த பாடம். 1994இல் நண்பர்களோடு சேர்ந்து 'ன்கா' என்ற இதழைத் தொடங்கினார். இக்போ மொழியில் கலை என்று பொருள்.

இரண்டே ஆண்டுகளில், 1996இல், நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் 30 பேரின் படைப்புகளை வைத்த கண்காட்சியை அமைத்தவர்களில் ஒருவரானார். மாலி நாட்டு செய்டு கெய்டா தம் ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் அதில் இருந்தன. நகரத்து மக்கள் நல்ல உடை உடுத்தி, கைக்கடிகாரம் தெரிய, தாங்களே விரும்பிய தோரணையில் அமர்ந்திருக்கிறார்கள். இந்தப் படங்களுக்கு முன்னால் தர்ஸ்டனின் தொகுதியைத் திறந்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கேமரா ஒன்றுதான். ஒன்றில் படம் எடுக்கச் சொன்னவர் அதிகாரி. மற்றதில் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவர் படத்தில் இருப்பவரே.

1997இல் இரண்டாம் ஜோகன்னஸ்பர்க் பியனாலேயின் பொறுப்பு அவரிடம் வந்தது. நிறவெறி ஆட்சி முடிந்து மூன்றே ஆண்டுகள். 'வணிகப் பாதைகள்: வரலாறும் புவியியலும்' என்று தலைப்பிட்டார். வாஸ்கோ ட காமா நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்து 500 ஆண்டுகள் நிறைந்த நேரம் அது. மறு ஆண்டே அவன் கோழிக்கோட்டில் கரையேறியதும் நமக்குத் தெரியும். நாட்டுக்கொரு அரங்கம் என்ற பழைய முறையைக் கைவிட்டு, பல கண்டங்களின் கலைஞர்களைக் கலந்து வைத்தார். அங்கே காட்டப்பட்டவற்றுள் சாண்டு மொஃபோகெங்கின் 'கருப்பர் புகைப்படத் தொகுப்பு' ஒன்று. 1890 முதல் 1950 வரை தென்னாப்பிரிக்கக் கருப்பினக் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட ஸ்டூடியோ படங்களை வீடு வீடாகப் போய்ச் சேகரித்து, யார் இவர்கள், என்ன கனவு கண்டார்கள் என்ற கேள்விகளோடு ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார் அவர். டிரங்குப் பெட்டிகளிலிருந்து வந்தவைதான் அவையும்.

ஆனால் அந்த பியனாலே நகரத்து மக்களைச் சென்றடையவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. உலகக் கலை வட்டாரம் வந்து கொண்டாடிவிட்டுப் போயிற்று. சொவெட்டோவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டார்கள். நகராட்சியிடம் பணமில்லை. குறித்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே மூடிவிட்டார்கள். மூன்றாவது ஜோகன்னஸ்பர்க் பியனாலே என்று ஒன்று நடக்கவே இல்லை. என்வெசோரைப் போற்றி எழுதுகிறவர்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அரங்கத்துக்குள் யாரைக் கொண்டுவருவது என்பதில் காட்டிய அக்கறையை அரங்கத்துக்கு வெளியே நின்றவர்களிடம் அவர் காட்டியதாகச் சொல்ல முடியாது.

அதே ஆண்டில் அவர் எழுதிய ஒரு கட்டுரை பெரிய சண்டையைக் கிளப்பியது. கருப்பின மனிதரை மறுபடியும் சட்டகத்துக்குள் வைப்பது பற்றிய கட்டுரை என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நிறவெறி முடிந்த உற்சாகத்தில் தென்னாப்பிரிக்க வெள்ளைக் கலைஞர்கள் பலர் கருப்பின உடலைத் தங்கள் படைப்பில் எடுத்தாளத் தொடங்கியிருந்தார்கள். சுற்றுலா அஞ்சல் அட்டைகளில் வரும் அரைநிர்வாணக் கருப்பினப் பெண்களின் படங்களையும் ஆபாச இதழ்களின் வெள்ளைப் பெண் உடல்களையும் வெட்டி ஒட்டிச் சேர்த்தார் கேண்டிஸ் பிரைட்ஸ். பெனி சியோபிஸின் படைப்புகளும் விவாதத்துக்கு வந்தன. நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஆனால் காலனிய இனவரைவியலாளன் பார்த்த அதே பார்வையை இது மறுபடி உற்பத்தி செய்கிறது, படத்தில் இருப்பவருக்கு இப்போதும் வாயில்லை என்றார் என்வெசோர். எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. பெண் உடல் எப்படிப் பண்டமாக்கப்படுகிறது என்பதைத்தான் தாங்கள் காட்டுவதாகவும், நியூயார்க்கிலிருந்து வந்து எதை வரையலாம் என்று சொல்ல இவர் யார் என்றும் கேட்டார்கள். பல தரப்பினரின் கட்டுரைகளோடு 1999இல் ஒரு தடித்த நூலே வெளிவந்தது. அதன் தொகுப்பாளர்களில் ஒருவர் பிரைட்ஸ்.

தலித் வாழ்வை யார் எழுதலாம் என்று 1990களில் தமிழில் நடந்த விவாதத்தில் இருந்தவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. இரண்டு விவாதங்களும் ஏறத்தாழ ஒரே காலம். நம் விவாதம் பெரும்பாலும் பிறப்பில் போய் முட்டிக்கொண்டது. என்வெசோரின் கட்டுரை கேட்டது சற்று வேறான கேள்வி. அந்தப் படம் உன் கைக்கு எப்படி வந்தது? அஞ்சல் அட்டையை அச்சிட்டவன் யார்? அதில் நின்ற பெண்ணுக்கு என்ன கிடைத்தது? கலைஞரின் தோல் நிறத்தைவிட, படம் பயணம் செய்த பாதையைப் பிடித்துக்கொண்டு வாதிட்ட இடங்களில் அந்தக் கட்டுரை வலுவாக இருக்கிறது. எல்லா வெள்ளைப் பெண் கலைஞர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிய இடங்களில் பெண்ணியர்கள் கேட்டது சரிதான்.

ஜெர்மனியின் காஸெல் நகரில் 1955இல் தொடங்கி இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை 100 நாள் நடக்கும் டொகுமென்டா கண்காட்சி, சமகாலக் கலையின் உச்ச நீதிமன்றம் மாதிரி. அதன் 11ஆம் பதிப்புக்கு 1998இல் அவர் பொறுப்பாளரானார். ஐரோப்பியர் அல்லாத ஒருவரிடம் அது வந்தது அதுவே முதல் முறை. தனியாகச் செய்யாமல் ஆறு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் சரத் மகாராஜ். டர்பனில் இந்திய வம்சாவளியில் பிறந்து, நிறவெறிக் காலத்தில் வளர்ந்தவர். காஸெலில் நடப்பது ஐந்தாவது மேடை மட்டுமே என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நான்கு மேடைகளும் கருத்தரங்குகள். ஜனநாயகம் பற்றி வியன்னாவிலும் பெர்லினிலும், கலப்புப் பண்பாடு பற்றி கரீபியத் தீவான செயின்ட் லூசியாவிலும், ஆப்பிரிக்க நகரங்கள் பற்றி லாகோஸிலும் நடந்தன. உண்மை, நல்லிணக்க ஆணையங்கள் பற்றி 2001 மே மாதம் நடந்த இடம் புதுதில்லி. அரங்குக்கு வைத்த தலைப்பு 'உண்மையுடன் சோதனைகள்'. காந்தியாரின் சுயசரிதைத் தலைப்புதான். தில்லிக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒரு நூல்தான் எப்போதும் ஞாபகம் வரும் போலும். நான்கு மாதம் கழித்து, டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசவைக்க நம் தோழர்கள் மன்றாடினார்கள். சாதி இனம் அல்ல, அது உள்நாட்டு விவகாரம் என்று நின்றது இந்திய அரசு. தென்னாப்பிரிக்கா தன் உண்மை ஆணையத்தைப் பற்றித் தில்லியில் பேச முடிந்தது. தில்லி தன் உண்மையைத் தென்னாப்பிரிக்காவில் பேச மறுத்தது.

2002 ஜூனில் காஸெல் கண்காட்சி திறந்தது. சுமார் ஆறரை லட்சம் பேர் பார்த்தார்கள். ஆவணப்படங்கள், புகைப்படங்கள், கோப்புகள் நிறைய. இது கலையா, செய்தியா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1996 டிசம்பர் 25 இரவு, மால்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவே அகதிகளை ஏற்றிய ஒரு சிறு படகு மூழ்கியது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து போனவர்கள் 283 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. சிசிலிக் கரையோர மீனவர்களின் வலையில் பிணங்கள் வந்தன. புகார் கொடுத்தால் படகை முடக்கிவிடுவார்கள், வேலை போகும் என்று அவற்றைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். ஐந்தாண்டுகள் ஊரே வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு மீனவரின் வலையில் சிக்கிய உடையில் ஓர் அடையாள அட்டை இருந்தது. பதினேழு வயது ஈழத் தமிழ்ப் பையனுடையது. அந்த அட்டை ஒரு பத்திரிகையாளர் கைக்குப் போக, 2001இல் இத்தாலியப் பத்திரிகை ஒன்று நீர்மூழ்கி இயந்திரத்தை இறக்கி, கடலடியில் கிடந்த படகைப் படம் பிடித்தது. 'மல்டிப்ளிசிட்டி' என்ற இத்தாலியக் குழு இந்த மூழ்கலை எடுத்துக்கொண்டு, கடலடிக் காட்சிகளையும் சாட்சியங்களையும் சேர்த்து ஓர் அரங்கமாக்கி டொகுமென்டாவில் வைத்தது. நம் பிள்ளைகள் செத்த கதையை உலகக் கலையின் நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். அந்தப் பெயர் தெரியாத 283 பேருக்காக ஒரு நினைவுக் கூட்டம் தமிழ்நாட்டில் நடந்து நான் பார்த்ததில்லை.

அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கோப்பு, பத்திரிகைப் படம் போன்றவைதான் என்வெசோரின் ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப வருபவை. ஆவணம் நடந்ததைச் சொல்லும் காகிதம் மட்டுமல்ல, மனிதரை ஆளுகிற கருவி என்பது அவருடைய அடிப்படை வாதம். 2008இல் நியூயார்க் சர்வதேசப் புகைப்பட மையத்தில் 'ஆவணக் காய்ச்சல்' என்ற கண்காட்சியை அமைத்தார். தலைப்பு தத்துவவாதி தெரிதாவிடமிருந்து எடுத்தது. அதில் ஸோயி லியோனார்டின் ஒரு படைப்பு இருந்தது. ஃபே ரிச்சர்ட்ஸ் என்ற கருப்பின நடிகையின் வாழ்க்கையைச் சொல்லும் 82 பழைய புகைப்படங்கள். மூலை மடங்கி, நிறம் மங்கி, தட்டச்சு செய்த குறிப்புகளோடு இருக்கும். அப்படி ஒரு நடிகை இருந்ததே இல்லை. தற்பால் விருப்பம் கொண்ட ஒரு கருப்பின நடிகையின் வாழ்வை எந்த ஆவணக்காப்பகமும் சேர்த்துவைத்திருக்காது என்பதால், ஒரு திரைப்படத்துக்காக அந்த ஆவணத்தையே உருவாக்கினார்கள். முதலில் எனக்கு இது உறுத்தியது. நாம் உண்மையான படங்களையே நம்பவைக்கப் படாதபாடு படும்போது பொய்ப்படம் எதற்கு என்று. ஆனால், ஒருவரைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை என்பதைக் காட்டுவதற்கு வேறு என்ன வழி இருக்கிறது?

இந்த ஆராய்ச்சி முழு வடிவம் பெற்றது 2012இல், ரோரி பெஸ்டருடன் சேர்ந்து அமைத்த 'நிறவெறியின் எழுச்சியும் வீழ்ச்சியும்' கண்காட்சியில். அவருடைய பணிகளில் இதையே நான் முதலில் வைப்பேன். தலைப்பின் அடுத்த பாதி 'புகைப்படமும் அன்றாட வாழ்வின் அதிகார நிர்வாகமும்'. நிறவெறி என்பது துப்பாக்கிச் சூடு மட்டுமல்ல. எந்த வாசலில் நுழைவது, எந்தப் பெஞ்சில் உட்காருவது, எந்தப் பேருந்தில் ஏறுவது, இரவில் எந்தத் தெருவில் நிற்பது என்று காலை முதல் இரவு வரை பலகைகளாலும் முத்திரைகளாலும் நடந்த ஆட்சி. 1948இல் அது அரசுக் கொள்கையானதும் தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலையும் இனவரைவியல் படத்திலிருந்து சமூகக் கருவியாக மாறிற்று என்பது இவர்களின் வாதம். எர்னஸ்ட் கோலின் படங்கள் அதில் உண்டு. கருப்பர் என்ற வகைப்பாட்டில் இருந்தவர், பெயரின் எழுத்தை மாற்றிக் கலப்பினத்தவர் என்று சான்று வாங்கினார். அந்தச் சான்று இருந்ததால்தான் அங்குமிங்கும் நடமாடிப் படம் எடுக்க முடிந்தது. 1966இல் நாட்டைவிட்டு வெளியேறி, மறு ஆண்டு நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் நூல் தடை செய்யப்பட்டது. 1990இல், மண்டேலா விடுதலையாகிச் சில நாள்களில், நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். 1976 ஜூன் 16, சொவெட்டோவில் சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை ஏந்தி ஓடும் அந்தப் படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எடுத்தவர் சாம் ன்சிமா. படச்சுருளைக் காலுறைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். உலகமே பார்த்த அந்தப் படத்தின் உரிமை அவர் பெயருக்கு வந்தது 1998இல்தான். போலீஸ் தொல்லையால் தொழிலையே விட்டுவிட்டு ஊருக்குப் போனவர் அவர்.

இறந்தவரின் படத்தை மாட்டலாமா என்ற கேள்விக்கு இந்தக் கண்காட்சி தந்த பதில், தனியாக மாட்டாதே என்பது. சவ ஊர்வலப் படத்தின் பக்கத்தில் அதே ஆண்டின் திருமணப் படம், ஜாஸ் இசைக் கூட்டம், நீதிமன்ற வாசலில் பதாகை பிடித்த பெண்கள். 'டிரம்' பத்திரிகை 1950களில் இரண்டையும் சேர்த்தே அச்சிட்டது. கொல்லப்பட்டது ஒரு பிணம் அல்ல, ஒரு வாழ்க்கை என்று பார்ப்பவருக்கு அப்போதுதான் உறைக்கிறது. நம் உண்மை அறியும் குழு அறிக்கைகளின் அட்டைகளில் நாம் என்ன படம் போடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 முதல் 2018 வரை மியூனிக் நகரின் ஹவுஸ் டெர் குன்ஸ்ட் அரங்கத்தின் இயக்குநராக இருந்தார். 1937இல் ஹிட்லர் திறந்துவைத்த கட்டடம் அது; 'தூய' ஜெர்மானியக் கலைக்காகக் கட்டியது. அங்கே 2016இல், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபதாண்டுக் கலையை 65 நாடுகளின் 218 கலைஞர்களைக் கொண்டு காட்டினார். ஹுசைனும் சௌசாவும் ஐரோப்பிய, அமெரிக்க ஆசான்களோடு ஒரே வரிசையில் நின்றார்கள். 2015இல் வெனிஸ் பியனாலேயின் பொறுப்பை ஏற்றார். 1895 முதல் நடந்துவரும் அந்தக் கண்காட்சிக்கு ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவர் பொறுப்பேற்றது அதுதான் முதல் தடவை. நடு அரங்கில் மார்க்ஸின் 'மூலதனம்' நூலை மாதக்கணக்கில் உரக்க வாசிக்க ஏற்பாடு செய்தார். வெளியே கோடீஸ்வரர்களின் சொகுசுப் படகுகள் கட்டிக்கிடக்க, உள்ளே உபரி மதிப்பு பற்றிய வாசிப்பு. கேலி செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூலதனத்தின் வீட்டுக்குள்ளேயே போய் அதை வாசித்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். வாசிக்க இடம் கொடுத்ததும் அதே மூலதனம்தான். இந்த முரணை அவர் கடைசிவரை தீர்க்கவில்லை. இன்று நம் இளைஞர்களின் ஓவியங்களும் புகைப்படங்களும் பெரிய கலைக்கூடங்களுக்குப் போகத் தொடங்கியிருக்கின்றன, அந்த முரண் அவர்களுக்கும் காத்திருக்கிறது.

2019 மார்ச் 15 அன்று மியூனிக்கில் புற்றுநோயால் இறந்தார். வயது 55. அதற்கு ஒரு வாரம் முன்புதான், மதுப் போத்தல் மூடிகளைக் கோத்துப் பிரம்மாண்டத் திரைகளாக்கும் எல் அனட்சுய்க்காக அவர் உழைத்த கண்காட்சி அந்த நகரில் திறந்திருந்தது.

நோயோடு இருந்தபோது கடைசியாகத் திட்டமிட்டது 'துயரமும் மனக்குறையும்' என்ற கண்காட்சி. அமெரிக்காவில் கருப்பின மக்களுக்கு இருப்பது துயரம். போலீஸ் சுட்டுக் கொல்வது, தேவாலயத்தில் கொல்வது என்று முடிவில்லாத இழவு. வெள்ளையரில் ஒரு பகுதியினரிடம் வளர்க்கப்படுவதோ தங்களிடமிருந்து எதையோ பறித்துவிட்டார்கள் என்ற மனக்குறை. இந்த இரண்டும் மோதுகிற இடம்தான் இன்றைய அரசியல் என்றார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு எதிராக நம் ஊரில் கூடும் மாநாடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது சரக்கை விளக்க வேண்டியதில்லை. நண்பர்கள் நால்வர் வேலையை முடித்து, 2021 பிப்ரவரியில் நியூயார்க்கில் திறந்தார்கள். 37 கலைஞர்கள்.

அதில் டாவூட் பே எடுத்த புகைப்படங்கள் இருந்தன. 1963இல் அலபாமா மாநிலம் பர்மிங்காமில், ஒரு கருப்பினத் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அன்றைக்கே அந்த நகரில் இரண்டு சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். பே அந்தப் பழைய படங்கள் எதையும் எடுக்கவில்லை. சிதைந்த உடல் இல்லை, இடிந்த சுவர் இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து அதே நகரத்துக்குப் போனார். இறந்த குழந்தைகளின் வயதில் இன்று இருக்கும் பிள்ளைகளைத் தேடி உட்காரவைத்துப் படம் எடுத்தார். அந்தக் குழந்தைகள் உயிரோடு இருந்திருந்தால் இப்போது என்ன வயதோ அந்த வயதுப் பெரியவர்களையும் தேடி எடுத்தார். இரண்டிரண்டாக, பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பதினொரு வயதுச் சிறுமி நம்மைப் பார்க்கிறாள். பக்கத்தில் அறுபத்தொரு வயதுப் பெண், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.